கீச்சுக் கோளாறு

"உங்களையெல்லாம் எவன் எலக்ட்ரீஷியன்னு சொன்னான்?"

தையல்கார அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

எலக்ட்ரீஷியன் கார் கதவைத் திறந்தான். அந்தக் காருக்கு அலாரம் மாட்டிக் கொடுத்தவனே அவன்தான். காரோடு வந்ததல்ல, தனியாக வாங்கிப் பொருத்தியது. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்த செட், இந்த ஒரு மாசமாக யாரும் தொடாமலே கத்துகிறதாம்.

"முதல் தடவை பானெட் ஸ்விட்ச் துருப்பிடிச்சிருக்குன்னீங்க. ரெண்டாவது தடவை சென்சாருக்கு ரோஷம் ஜாஸ்தி, குறைச்சு வெச்சிருக்கேன்னீங்க. நீங்க தெருமுனை தாண்டல, கீச்சுங்குது!"

"இன்னிக்குப் பிடிச்சுடறேன்க்கா. அந்த இன்னொரு ரிமோட் சாவி கிடைச்சுதா?"

"அது எங்கயோ தொலைஞ்சு போச்சு. பேச்சை மாத்தாதீங்க. இன்னிக்குச் சரியாகலேன்னா டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிடுவேன். வேற ஆள் பார்த்துக்கட்டும்."

டிரைவிங் ஸ்கூல் வண்டி எட்டும் அவன் பட்டறைக்குத்தான் வரும். அதில்தான் அவன் வீட்டு அடுப்பே எரிகிறது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். மாஸ்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷம் "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக் கத்தியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்த மனுஷன். இரண்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து கால் ஒன்று விழுந்துவிட்டது. அந்தக் குரலும் போய்விட்டது. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி காரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தைத்த துணிகளைக் கடைகளில் கொண்டுபோய்க் கொடுக்க இப்போது அக்காதான் அதை ஓட்டுகிறார்.

அக்கா உள்ளே போனார். பின்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

எலக்ட்ரீஷியன் சென்சார் ஒயரைப் பிடுங்கினான். கதவு ஒயர், பானெட் ஒயர், எல்லாவற்றையும் பிடுங்கினான். அரை மணி நேரம் காத்திருந்தான். கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. டாக்டரைப் பார்த்ததும் குழந்தைக்கு இருமல் நின்றுவிடுமே, அந்த மாதிரி.

'இரு, உனக்கு வெக்கிறேன் வேட்டு' என்று செட்டைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்தான். காரின் அந்தப் பக்கமாகக் குனிந்து வந்து, பின்சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. 'டக்'கென்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. கீச்!

அடுத்து, கீச் கீச்! கதவுகள் திறந்துகொண்டன.

அடப்பாவி! பூட்டினால் ஒன்று, திறந்தால் இரண்டு. கோளாறான செட் இவ்வளவு மரியாதையாகக் கத்தாது. இது ரிமோட் வேலை. அக்கா கொடுத்த ரிமோட்டோ அவன் சட்டைப்பையில் இருந்தது.

மெல்லத் தலையைத் தூக்கினான். ஜன்னலில் மாஸ்டர். கையில் இன்னொரு ரிமோட். கட்டைவிரல் இன்னும் பட்டனில்தான் இருந்தது. அவனைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அதற்குள் தையல் மெஷின் நின்றது. "பாழாப்போன வண்டி, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு!" காருக்கு வர வேண்டுமென்றால் மாஸ்டர் ரூமைத் தாண்டித்தான் வர வேண்டும். அக்காவின் குரல் அங்கே நின்றது.

"ஏங்க, முழிச்சுத்தான் இருக்கீங்களா? தண்ணி வேணுமா?"

மாஸ்டர், போனால் போகிறது என்கிற மாதிரி தலையாட்டினார். தண்ணீரைக் குடித்த வேகத்தைப் பார்த்தால் ரொம்ப நேரத் தாகம்.

எலக்ட்ரீஷியனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் தடவை வந்தபோது காருக்கு அடியில், கட்டிலோரம் வைக்கிற காலிங் பெல் ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தான். "மாஸ்டர் தூக்கி எறிஞ்சது தம்பி. மணியடிச்சுக் கூப்பிட நான் என்ன நோயாளியாங்கறார்" என்று அக்கா சொன்னார்.

அக்கா திரும்பியதும் மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். எத்தனை பேரை அதட்டிய மனுஷன்! கண்ணாலேயே கெஞ்சினார்.

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?" அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

எட்டு வண்டியும் அவன் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன.

"இல்லக்கா. எனக்குப் பிடிபடல."

"அதானே பார்த்தேன்! ஒயருக்கும் கயித்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைக் கூப்பிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அவன் ஒயர்களை மாட்டிவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அக்கா விடவில்லை. கேட் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். கேட்டைத் தாண்டியதும் குரல் சட்டென்று இறங்கியது.

"பார்த்துட்டும் காட்டிக் குடுக்காம இருந்தீங்களே தம்பி, நல்லா இருப்பீங்க."

அவன் திகைத்துப் போனான். "அக்கா, அப்போ உங்களுக்கு..."

"முதல் நாளே தெரியும். உங்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டலேன்னா, நான் கண்டுபிடிச்சுட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் தொண்டை வறண்டாலும் அமுக்க மாட்டார். டிரைவிங் ஸ்கூலுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல, பயப்படாதீங்க."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ரிமோட்டில் போடுகிற, பொத்தான் மாதிரி ஒரு புது பேட்டரி.

"நேத்து மூணு தடவை அமுக்கினப்புறம்தான் கத்துச்சு, கதவிடுக்குல பார்த்தேன். நான் போய் மெஷின்ல உக்கார்ந்துக்கறேன். நீங்க ஜன்னல் பக்கமாப் போய், எனக்குத் தெரியாம அவருக்கு மாத்திக் குடுத்துடுங்க."