ஏழாவது புத்தகம்

“இன்னும் முடியல்லயா, மகள்?”

வாப்பா கேட்டதும் பதினொரு வயது ஸஹ்ரா தலையைக் குனிந்துகொண்டாள். வாப்பா தன் சின்ன வயதில் உயிராய் வாசித்த துப்பறியும் கதைத் தொடரின் பன்னிரண்டு புத்தகங்களையும் அவளுக்குக் கொடுத்திருந்தார். உம்மாவுக்குத் தலாக் சொல்லிப் பிரிந்த பிறகு, அந்த வழக்கைத் தீர்த்த காழியார் சொன்னபடி வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து தெல்தெனியவிலிருந்து திகனயிலுள்ள உம்மாவின் வீட்டுக்கு வந்து, அவளோடு உட்கார்ந்து வாசிப்பார்.

ஐந்து மாதமாக வாசிப்பு ஏழாவது புத்தகத்திலேயே நின்றது.

“ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலமா? உம்மாட மந்த மூளைதான் உங்களுக்கும்.”

திரைக்குப் பின்னால் இருந்த உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“யாருக்கு மந்தம்? பன்னிரண்டையும் நோன்புக்கு முந்தியே ரெண்டு தரம் வாசிச்சவள் அவள்!”

“உம்மா, வாணாம்!” ஸஹ்ரா கத்தினாள்.

உம்மா விடவில்லை. “கடைசிப் புத்தகம் முடிஞ்சா நீங்க வரமாட்டீங்களாம். அதுக்குத்தான் இந்தப் பொய்யெல்லாம்.”

வாப்பா ஸஹ்ராவைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்வார் என அவள் காத்திருந்தாள்.

அவர் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.