கடைசி வரி

கிராமத்து மெட்டையும் ராக் கிதாரையும் கலந்து பாடுகிற மூத்த பாடகர் எபினேசர், புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கரகரத்த குரலில் பாடி முடித்தார். சங்கரன்கோவில் ஸ்டூடியோ அமைதியானது.

"அண்ணாச்சி, 'போயிட்டு வாரேன்'னு எழுதிட்டு, 'போறேன்'னு பாடிட்டியளே," என்றான் ஒலிப்பதிவாளன் மாரிசெல்வம். "வீட்டை விட்டுக் கெளம்பும்போதே அப்படிச் சொல்ல மாட்டோம். மாத்திருவோமா?"

"இருக்கட்டும் வே."

"மதினி, நீங்களாவது சொல்லுங்க. கேக்கவே பயமா இருக்கு."

எபினேசரின் மனைவி விஜிதா, கணவரின் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றினாள்.

"நாளைக்கு மதுரையில இவியளுக்குக் குரல்வளையை எடுக்காவ, தம்பி. உசுருக்கு ஒண்ணுமில்ல, இவிய வந்துருவாவ."

"பொறவு ஏன் மதினி 'போறேன்'னு பாடணும்?"

"அதைச் சொன்னது இவிய இல்ல. குரலு."