முதலாளி நின்ற திசை

நாகல் நகரில் கமலக்கண்ணன் நடத்திய பட்டறையில், மருந்தடிக்கும் ட்ரோன்களுக்குத் திசை காட்டும் மலிவு விலை சென்சார்கள் செய்தார்கள். அங்கே மின்சாரம் தாக்கிச் செத்துப்போன ஸ்டான்லியின் வேலையை இப்போது அவன் மனைவி சத்யபிரியா பார்த்தாள். பழைய வயரை மாற்றச் சொல்லி அவன் கெஞ்சியதும், முதலாளி போலீசிடம் "அவன் கவனக்குறைவு" என்றதும் அவள் நெஞ்சில் கனன்றுகொண்டே இருந்தன.

ஸ்டான்லி கடைசியாகச் செய்த சென்சாரைக் கணினியில் மாட்டினாள். திரையிலிருந்த அம்புக்குறி வடக்கே நிற்காமல் மேசைக்குப் பக்கத்தில் நின்ற கமலக்கண்ணனை நோக்கி நின்றது. அவர் ஜன்னலோரம் நகர்ந்தார். அம்பும் நகர்ந்தது.

"சாவிக்கொத்து இரும்பாச்சே, அதான் இழுக்குது" என்று அதை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அம்பு சாவியை விட்டு அவர் பின்னாலேயே போனது.

"அதத் தூக்கிக் குப்பையில போடும்மா."

"போட மாட்டேன் சார். அவரு செஞ்சது எதுவும் தப்பாக் காட்டாது."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கொடைரோட்டுக்குக் கிளம்பினார். ஆத்திரம் அடங்காமல் சத்யபிரியா, அன்று தான் செய்த சென்சார்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். அத்தனையும் தெற்கே, கொடைரோட்டுப் பக்கம் காட்டின.

எல்லாவற்றிலும் 'சரி' என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் அடுக்கினாள். மறுநாள் அவை சேவுகம்பட்டி வயல்களில் பூச்சிமருந்து சுமந்து பறக்கும் ட்ரோன்களுக்குப் போய்ச் சேர்ந்தன.