ஆதாமின் கன்னம்

கோயில் சுவரில் இருந்த ஏதேன் தோட்டப் படத்தைப் புதுப்பிக்க வந்த அமலோற்பவத்துக்கு முதல் நாளே சந்தேகம் தட்டியது. உப்புக்காற்றில் படம் முழுக்க உதிர்ந்து கிடந்தது. ஆதாமின் வாயைச் சுற்றி மட்டும் பெயிண்ட் தடிமனாக ஏறியிருந்தது.

"இந்த இடத்துல மட்டும் யாரோ வேணும்னே பூசியிருக்காவ," என்றாள்.

"சுரண்டித்தான் பாரேன்," என்று அவள் கணவன் சவரிராயன் ஏணிக்குக் கீழே நின்று கத்தியை நீட்டினான்.

சுரண்டினாள். அடியில் இன்னொரு கன்னம் தெரிந்தது. வாய் நிறையப் பழத்தை அடக்கி உப்பியிருந்த கன்னம். தாடியில் சாறு வழிந்திருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது பங்குச்சாமியார் உள்ளே வந்தார்.

"யார் செஞ்ச வேலை இது?"

"இவதான் சாமி. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

அவனுக்குப் பொய் இத்தனை சரளமாக வருமென்று அவள் நினைத்ததில்லை. அதைவிட, சாமியார் அதைச் சட்டென்று நம்பியதுதான் உறுத்தியது. அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "திருவிழாக் கொடியேத்துக்குள்ள பழையபடி மூடிடு," என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனார்.

சவரிராயன் பெயிண்டைக் குழைத்துப் பிரஷை மேலே நீட்டினான். "கோவிச்சுக்கிடாத. சாமி ஏசுவாருன்னு பயந்துட்டேன்."

அமலோற்பவம் இறங்கிவந்தாள்.

"நீங்களே ஏறிப் பூசுங்க. முன்னாடி பூசுனது யாருன்னு யாருக்கும் தெரியல. இந்தத் தடவை எனக்காவது தெரியட்டும்."

ஏணியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான்.