கண்ணை எடுக்காதே

கணவன் டெரன்ஸின் மூச்சுக் கருவியை இயக்கியது, கட்டிலோரத் திரையில் திறந்திருந்த ஓர் இணையப் பக்கம். ஜெசிந்தா எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் அது நேரம் தவறாமல் ஓடியது. அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் டெரன்ஸின் உதடு நீலம் பாரித்திருந்தது.

கருவி விற்ற கம்பெனிக்கு போன் போட்டாள்.

“எங்க பிரவுசர்ல நல்லாத்தான் ஓடுது மேடம்” என்றான் அங்கிருந்த பையன்.

அவளும் நிரல் எழுதிப் பிழைப்பவள்தான். விஷயம் பிடிபட்டுவிட்டது.

“இந்தத் திரையில இருக்கறது வேற பிரவுசர் தம்பி. யாரும் பாக்கலன்னு கேமராவுல தெரிஞ்சா, கரண்ட் மிச்சம்னு பக்கத்தோட டைமரை மெதுவாக்கிடுது. நான் கண்ணை எடுத்தா இவருக்கு மூச்சு வரல!”

அவன், “நாளைக்குள்ள சரிபண்ணி அனுப்பிடறோம். அதுவரைக்கும் கண்ணை எடுக்காதீங்க மேடம்” என்றான்.

திரையையே வெறித்தாள். கண்ணீர் முட்டியது. துடைக்கக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோன அந்த நொடியிலேயே டெரன்ஸுக்கு மூச்சு திணறியது. கையை இறக்கிவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் பால்கனிக் கதவு திறந்தது. ஐந்தாவது மாடி. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“அம்மா, நான் எவ்ளோ உசரத்துல நிக்கிறேன்! இங்க பாரேன்!” என்று கூப்பிட்டாள் நாலு வயது ஷைனி.