தண்ணீர் புகாத உறை

சுபத்திரா ஒவ்வொரு உறையிலும் தான் கொண்டுவந்த சின்னக் கேமராவைப் போட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“இதை எடுத்துக்குங்க. சொட்டுத் தண்ணி உள்ள போகாது” என்றார் கடைக்காரர் செபஸ்தியான்.

“உள்ள போறதப் பத்தி இல்லீங்க. உள்ள இருக்கறது வெளிய வரக்கூடாது.”

அவருக்குப் புரியவில்லை. எந்தக் கேமராவையும் தூசி ஊதாமல் உறையிலிட்டுக் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. காற்றடிக்கும் ரப்பர் பந்தை லென்ஸ் அருகே கொண்டுபோனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊதாதீங்க. எங்க வீட்டுக்காரரைக் கடல் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இது மட்டுந்தான் கரை ஒதுங்குச்சு.”

கண்ணாடி மேசையில் ஏற்கெனவே கேமராவிலிருந்து நாலைந்து மணல் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. அவள் விரலை நாக்கில் தொட்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஒற்றியெடுக்கத் தொடங்கினாள்.

செபஸ்தியான் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.