ரோஸ் நிற சோம்பு மிட்டாய்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர ஆஸ்பத்திரி வராந்தாவில் யோரிஸ் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தான். அவன் பையிலிருந்து ரஸ்க்கும், குழந்தை பிறந்தால் அந்த ஊரில் அதன்மேல் தூவித் தருகிற ரோஸ் நிற சோம்பு மிட்டாயும் எட்டிப் பார்த்தன.

பெஞ்சில் இருந்த வில்மா சிரித்தாள். "பையன்னா நீலம் வாங்கியிருப்பீங்க. பொண்ணா? வாழ்த்துகள்!"

"ஐயோ, இப்பவே வாழ்த்தாதீங்க. இன்னும் எதுவும் தெரியல."

"தெரியாமலே மிட்டாயா? நல்ல ஆளு! ரொம்ப நாள் காத்திருந்தீங்களோ?"

"பதினோரு வருஷம்."

"அடப் பாவமே! ஆனா பிரசவ வார்டு மேல் மாடியாச்சே?"

"எனக்கு இங்கதாங்க தகவல் வரும்."

"அப்ப உக்காருங்க. என் பொண்ணும் உள்ள ஸ்கேன்லதான் இருக்கா. நான் பதறுறேனா?"

கதவு திறந்தது. டாக்டர் ஃபெம்க்கா ஓடி வந்தாள். "யோரிஸ், போன வருஷம் வச்ச குழாயைக் காணோம்! ஸ்கேன்ல சுவடே இல்ல!"

யோரிஸ் துள்ளிக் குதித்தான். வில்மாவுக்கோ முகம் வெளுத்தது. "காணோமா? என் பொண்ணு லோட்டே நெஞ்சுல வச்ச குழாயா?"

"பயப்படாதீங்க. தானா கரையணும்னுதான் இவர் பதினோரு வருஷம் உழைச்சு அதைச் செஞ்சார். அந்த இடத்துல உங்க பொண்ணுக்குச் சொந்தமா ரத்தக்குழாய் வளந்திருக்கு. இனி அவளோட சேர்ந்து அதுவும் வளரும்."

யோரிஸ் ரஸ்க் பொட்டலத்தைப் பிரிக்கத் திணறினான். வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பிடுங்கினாள்.

"குடுங்க இங்க. இதைப் பெத்தவங்கதான் தரணும்."

பிரித்தவள் சற்றுத் தயங்கி, அவனிடமே நீட்டினாள்.

"நீங்களே குடுங்க. இப்ப வாழ்த்தலாம்ல?"